வீட்டில் ஒரு யோசனைக்காரர்

அப்பாவுக்கு அந்த வீட்டில் பட்டப்பெயர்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. அம்மா நல்ல மனநிலையில் இருந்தால் ‘ஆழமான மனுஷன்’ என்பாள். கோபம் தலைக்கேறினால் அதே வாயால் ‘கல்லுளிமங்கன்’ என்பாள். அத்தைக்கு அவர் ‘அழுத்தக்காரன்’. சித்தப்பா நாலு எழுத்துப் படித்தவர் என்பதால், ‘அண்ணன் தன்னுள் ஆழ்ந்தவர்’ என்று நீட்டி முழக்குவார். ஆணித் தொழிற்சாலையில் அவரோடு வேலை பார்த்தவர்கள் ‘ஞானி’ என்றே கூப்பிட்டார்கள். மகளுக்கு இதிலெல்லாம் கொள்ளைப் பெருமை. மற்ற அப்பாக்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, தன் அப்பா மட்டும் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுப் பேசுகிறவர் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அப்பா வேலை பார்த்த கூடத்தில், கம்பியை வெட்டி ஆணிக்குத் தலை தட்டும் இயந்திரங்கள் போடும் சத்தத்தில் கூரையே அதிரும். அங்கே யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. எதிரே நின்று உதட்டை அசைத்தால் போதும், விஷயம் போய்ச் சேர்ந்துவிடும். வீட்டிலும் அப்படித்தான், எதிரே உட்கார்ந்து கேட்டால் பளிச்சென்று பதில் வரும். முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டால் வராது. “திரும்பி நின்னா யோசனையில இருக்காருன்னு அர்த்தம். போய் நச்சரிக்காத” என்பது அம்மா போட்ட சட்டம். அதற்கு ஓர் உட்பிரிவும் உண்டு. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அவர் பாட்டுக்குப் போய்விட்டால் அவருக்கு அதில் இஷ்டமில்லை. வீட்டுக்கு எந்த நிறத்தில் பெயிண்ட் அடிப்பது என்பதிலிருந்து தம்பி எங்கே படிப்பது என்பதுவரை எல்லாம் இந்தச் சட்டப்படிதான் முடிவானது. டிவியைக்கூடச் சத்தமில்லாமல்தான் பார்ப்பார். என்ன பக்குவம் என்று சித்தப்பா வியந்துபோவார்.

மகளும் ஒருநாள் கேட்டாள். அப்போது அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. எதிர்ப்புறப் பார்சல் அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருவரை அவளுக்குப் பிடித்திருந்தது. அவருக்கும்தான். அப்பா வேலை முடிந்து வந்து, கைகளில் இருந்த மசகைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்தால் வாய் வராது என்று தெரிந்துதான் அந்த நேரமாகப் பார்த்துப் போய் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

“அப்பா, எனக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்கு. கட்டிக்கட்டுமா? நீங்க சரின்னா சரி, இல்லேன்னா இல்ல.”

அவர் குழாயை மூடினார். துண்டில் விரல் விரலாகத் துடைத்தார். அவளைக் கடந்து கூடத்துக்குப் போய்விட்டார்.

“அவர் வாயத் திறக்கலேன்னா அவர் மனசுக்குள்ள என்னமோ உறுத்துதுன்னு அர்த்தம்டி” என்றாள் அம்மா. மறுநாளே மகள் போய்ப் பார்சல் அலுவலகத்துக்காரரிடம் முடியாது என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று அவர் கேட்டபோது, “எங்கப்பா யோசிக்காம எதுவும் செய்ய மாட்டாரு” என்றாள். அந்த வாக்கியத்தில்கூடப் பெருமைதான் இருந்தது. பிறகு வந்த வரன்களை எல்லாம் ஏதோ ஒரு குறை சொல்லித் தட்டிக்கழித்தாள். வயது ஓடிவிட்டது.

போன வாரம் கடை முதலாளி பக்கத்து அறையில் காது சோதிக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கி வைத்தார். சோதிக்க வந்த பெண்ணுக்கு அதை இயக்கிப் பழக ஆள் வேண்டுமாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சும்மா இருந்த அப்பாவை மகள் விளையாட்டாகத்தான் அழைத்து வந்தாள். வேண்டாம் வேண்டாம் என்றவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்தாள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பொத்தான் அமுங்கவில்லை.

“எங்கப்பா அப்படித்தான்” என்று மகள் சிரித்தாள். “கேட்டுச்சா கேக்கலியான்னு ஒரு தடவை யோசிச்சுட்டுத்தான் அமுக்குவாரு.”

சோதிக்கும் பெண் சிரிக்கவில்லை. சத்தத்தைக் கூட்டும் குமிழை மெல்ல மெல்லத் திருப்பிக்கொண்டே போனாள். அப்பா தன் முழங்காலைப் பார்த்தபடி அமைதியாக உட்கார்ந்திருந்தார். எத்தனை தடவை பார்த்த அமைதி!

“அக்கா, இதுக்கு மேல வைக்க முடியாது. நமக்கா இருந்தா மாட்டினதைக் கழட்டி எறிஞ்சுட்டு ஓடிடுவோம். இது இன்னிக்கு நேத்து வந்ததும் இல்ல. பல வருஷமா இருக்கணும்.”

மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிரே நின்றால் பதில், திரும்பி நின்றால் யோசனை. சத்தமில்லாத டிவி. எல்லாம் ஒரே நொடியில் அடுத்தடுத்து வந்து மோதின. கடைசியாக அந்தச் சோப்பு நுரையும் அந்த முதுகும் வந்தபோது நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

கடை வாசலில் அவரை நிறுத்தி, நேர் எதிரே நின்றாள். குரல் எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைத்தாள்: “ஏம்ப்பா சொல்லல?”

அப்பா தடுமாறவே இல்லை, உடனே படித்துவிட்டார். “தெரிஞ்சா வேலை போயிடும்னு முதல்ல பயம். அப்புறம் நீங்க எல்லாருமா ஆழமானவன், ஞானின்னு பேரு வச்சீங்க. செவிடன்னு சொல்றதைவிட இது நல்லா இருந்துச்சு. விட்டுட்டேன், கண்ணு.”

அவள் சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை. அன்று கேட்டதை மறுபடி கேட்டாள், அவர் கண்ணெதிரே, ஒவ்வொரு சொல்லாக. நீங்கள் கை கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டது என்றும் சொன்னாள்.

அவர் முகம் வெளிறிப்போனது. “அன்னிக்கு உன் மூஞ்சி வாடியிருந்ததைப் பார்த்தேன். என்னன்னு கேக்கத்தான் நினைச்சேன். நீ பதில் சொல்லி எனக்குப் பிடிபடாமப் போயிட்டா மாட்டிக்குவேனேன்னு…” தொண்டையைச் செருமினார். பிறகு தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். “நான் வேண்டாம்னு சொல்லுவேனா? இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப்போகல. எங்க இருக்காரு அந்தப் பையன்? கூட்டிட்டு வா, நான் பேசறேன்!”

எதிர்ப்புறப் பார்சல் அலுவலகத்துக்குப் பெயர்ப்பலகைகூட மாறிவிட்டிருந்தது. அவள் சட்டென்று அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

“அவருக்குக் கல்யாணமாகி ரெண்டு பிள்ளைங்கப்பா” என்றாள்.

பின்னால் அப்பா, அவள் ஏதோ யோசிக்கிறாள் என்று பொறுமையாகக் காத்துக்கொண்டு நின்றார்.