வலைக்கும் கிண்ணத்துக்கும் ஒரே சொல்

யுத்த காலம். வல்லத்திராக்கோட்டைப் பக்கத்தில் ஒரு சின்ன வேதக்கோயிலுக்கு நான் உபதேசியார். புதிய ஏற்பாடு முதலில் எழுதப்பட்ட கிரேக்க மொழியைக் கொஞ்ச காலம் படித்தவன். மீதியை அகராதியோடு மல்லுக்கட்டித் தெரிந்துகொண்டேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அப்படிப் புரட்டிக்கொண்டிருந்தவன், சாப்பிட்ட கையோடு எழுந்து நின்றுவிட்டேன். 'கொயினோனியா' என்று ஒரு சொல். இராப்போஜனத்தில் ஒரே கிண்ணத்தில் திராட்சரசம் குடிக்கிறோமே, அந்த உறவுக்கு வேதம் சொல்லும் பெயர். தமிழில் 'ஐக்கியம்' என்று போட்டிருக்கிறார்கள். கேட்டால் தூக்கம் வரும். ஆனால் அதே வேதத்தில் சேர்ந்து வலை போட்ட மீன்காரர்களுக்கும் அதே வேரில் பிறந்த சொல்தான் இருக்கிறது! அங்கே தமிழில் 'கூட்டாளிகள்'. தனித்தனியாகப் போட்டதில் எங்கள் ஆட்களுக்கு விஷயமே தெரியாமல் போயிற்று.

எங்கள் கோயிலில் கிண்ணம் இரண்டு. நிலம் உள்ளவர்களுக்கு வெள்ளி, கூலிக்காரர்களுக்குப் பித்தளை. பாதிரியாருக்கும் தெரியும், வாய் திறந்ததில்லை. மறுநாள் ஒரு கூலிக்காரப் பெண் முதல்முறையாக இராப்போஜனம் எடுக்க இருந்தாள். பித்தளையில் கொடுத்தால் எனக்கு வேண்டாம் என்று சொல்லியிருந்தாள்.

சபை மூப்பர்தான் பித்தளையை விடமாட்டேன் என்றவர். அதே மனுஷன் போன மாசம் கண்மாய் வற்றியபோது அவள் புருஷனோடு வலை இழுத்தார். ஒரு முனை இவர், மறுமுனை அவன். மீனைக் கரையில் கொட்டிச் சரிபாதி எடுத்தார்கள். சேற்றில் யாருக்கும் தீட்டு இல்லை.

கோயிலுக்கு ஓடினேன். மூப்பர் வாசலில் பாய் உதறிக்கொண்டிருந்தார். அவள் உள்ளே தரை மெழுகிக்கொண்டிருந்தாள்.

"கண்மாயில வலை இழுத்தீங்களே, அது கூட்டுத்தானே?" என்றேன்.

"கூட்டுத்தான்."

"கிண்ணமும் அதே கூட்டுத்தாங்க. வேதத்துல அப்படித்தான் இருக்கு."

"தண்ணிக்குள்ள நடக்குறது வேற, உபதேசியாரே. இது வாய் படுற சாமான்."

"அந்த மீனு ஒங்க வாயில படலையா?" என்று கத்தினேன்.

அவள் தலை நிமிராமல் சொன்னாள்: "விடுங்க. அடுத்த கோடைக்கு அங்கிட்டு முனையையும் ஐயாவே புடிச்சுக்கிருவாரு. ரெண்டு கை இருக்குல்ல."

மூப்பர் பாயைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் திருச்சியிலிருந்து, பெட்ரோல் கிடைக்காத அந்த நாளில் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் வந்தார். பஸ் கீரனூரில் படுத்துவிட்டதால் தாமதம். பித்தளைக் கிண்ணத்தை என் வீட்டு அடுப்படியில் ஒளித்து வைத்துவிட்டுச் சண்டைக்குத் தயாராக நின்றேன். அவர் கேட்கவே இல்லை. முதலில் குடிப்பது மூப்பர் என்பது வழக்கம். நான் அவளை வரிசையில் மூப்பருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

அவள் குடித்தாள். கிண்ணம் மூப்பரிடம் வந்தது. மூப்பர் விளிம்பைப் பார்த்தார். கிண்ணத்தைத் திருப்பி, அவள் வாய் படாத பக்கத்தில் குடித்தார்.

ஆத்திரம் ஒரு பக்கம், குதிக்க வேண்டும்போல ஒரு பக்கம். வெளியே வந்ததும் அவளிடம், "பாத்தியாத்தா, திருப்பிக் குடிக்கிறாரு" என்றேன்.

"குடிச்சாருல்லங்க" என்றாள். "எங்க வீட்டுக்காரரு கோடைக்கு வலை புடிக்க வருவாருன்னு ஐயாகிட்டச் சொல்லிருங்க."