வெறுங்கையோடு நிற்காதே

குடியை விட்டவர்களுக்குத் துணைநிற்பதுதான் சுபாஸ்கரனின் உத்தியோகம். மருந்து எழுத அவனுக்குத் தெரியாது. உபதேசம் என்றாலே எரிச்சல். அவனும் ஒரு காலத்தில் பருத்தித்துறைக் கடற்கரை மணலில் குடிவெறியில் விழுந்து கிடந்தவன்தான். அந்தப் படிப்புக்குத்தான் இந்த வேலை கிடைத்தது.

பரமலிங்கம் குடியை விட்டு மூன்று மாதம். அவருடைய புது வள்ளத்தைக் கடலில் இறக்கும் நாள் காலையில் சுபாஸ்கரனும் பக்கத்தில் நின்றான். பூசை முடிந்தால் சாராயம் வரும், வெறுங்கையோடு நிற்பவனின் கையில் கிளாஸைத் திணிப்பார்கள், மறுத்தால் கோபிப்பார்கள். அதற்காகவே அவன் நெல்லிரசம் என்ற நெல்லிக்காய்ப் பானத்தைக் கரைத்து இருவருக்கும் ஆளுக்கொரு கிளாஸ் கொண்டுவந்திருந்தான்.

"அண்ணை, இதைக் குடிச்சு முடிக்கவும் வேண்டாம், கீழை வைக்கவும் வேண்டாம்."

பதற்றத்தில் பரமலிங்கம் ஒரே மூச்சில் குடித்துவிட்டார். சுபாஸ்கரன் தன்னுடையதையும் அவரிடம் கொடுத்தான். பிழை அங்கேதான் நடந்தது.

"கனகாலமாய்க் காணேல்லை, பிடி!" என்று பழைய கூட்டாளி ஒருவன் சுபாஸ்கரனின் வெறுங்கையில் சாராயத்தைத் திணித்தான். அந்த மணத்தில் அவனுக்கு அதைத் திருப்பிக் கொடுக்கக் கை வரவில்லை.

பரமலிங்கம் அந்தக் கிளாஸைப் பறித்து மணலில் கவிழ்த்தார். தன் நெல்லிரசத்தை அவன் கையில் வைத்தார்.

"தம்பி, குடிச்சு முடிக்கவும் வேண்டாம், கீழை வைக்கவும் வேண்டாம். என்ரை கைக்கு வள்ளம் இருக்கு."

சொல்லிவிட்டு வள்ளத்தைத் தள்ளப் போனார். சுபாஸ்கரன் சிரித்த சிரிப்பில் நெல்லிரசம் பாதி சிந்தியது; மீதியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.