வறுத்த ரவை

என் கணவரின் மிருதங்கத்துக்கு இருபத்தைந்து வருடமாக நான்தான் ரவை குழைத்துக் கொடுத்தேன். மிருதங்கத்தின் இடது பக்கத் தோலின் நடுவில் ரவைப் பசையை ஒட்டினால்தான் அந்தப் பக்கம் ‘கும்’ என்று பேசும். கச்சேரி முடிய அதைச் சுரண்டி எறிந்துவிட்டு, அடுத்த முறைக்குப் புதிதாகக் குழைக்க வேண்டும். தண்ணீர் கூடினால் வழுக்கும், குறைந்தால் உதிரும். அளவைச் சொல்லித் தர முடியாது. அது விரலுக்குத்தான் தெரியும்.

அந்தக் காலத்தில் இது என் சின்ன வேலை. பெரிய வேலை பாடுவது. அட்லிஸ்வில் முருகன் கோயிலிலும், சூரிச்சைச் சுற்றியுள்ள மண்டபங்களில் நடக்கும் நடன அரங்கேற்றங்களிலும் நான் பாட அவர் வாசிப்பார். பிறகு எனக்குத் தைராய்டில் சத்திரசிகிச்சை நடந்தது. குரல் திரும்பி வந்தது, பாட்டு வரவில்லை. மேலே போனால் வெறும் காற்றுத்தான். “கதைக்க முடிகிறதே, பிறகென்ன?” என்றார் டொக்டர். அவருக்கு என்ன தெரியும்! என் கணவரின் வாசிப்பில் எனக்கென்று மிஞ்சியது ஒரு கைப்பிடி ரவைதான்.

அந்த ஆர்மீனியப் பெண்ணை எங்கள் வாழ்க்கைக்குள் கூட்டி வந்தது வேறு யாருமில்லை, நானேதான். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் கோடை விழாவுக்கு வாசிக்க ஆள் தேடினார்கள். என் கணவர் இருக்கிறார் என்று வாய் விட்டேன். அன்றைக்கு அவளும் வாசிக்க வந்திருந்தாள். அவளுடைய வாத்தியத்தின் பெயர் டுடுக். ஒரு முழம்கூட இல்லை, அப்ரிகொட் மரத்தில் கடைந்தது, வாய்ப்பக்கம் சீவாளி போல அகலமான ஒரு நாணல். நேரம் போதாதென்று இரண்டு பேரையும் ஒன்றாக மேடையில் ஏற்றிவிட்டார்கள். நாதஸ்வரத்துக்குத் தடிமன் பிடித்து மூக்கடைத்தால் இந்தச் சத்தம்தான் வரும் என்று வீட்டுக்கு வரும் வழியில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

“இஞ்சரும், அவையின்ரை ஆட்டப்பாட்டு ஒண்டு பத்து அட்சரம். எங்கட மாதிரி அஞ்சஞ்சாய்ப் போகேல்லை. மூண்டு, ரெண்டு, ரெண்டு, மூண்டு எண்டு வெட்டுது” என்றார். சாப்பிடும்போது கோப்பையின் விளிம்பில் அதைத் தட்டினார். நான் பாடிய காலத்தில் அவர் கோப்பையில் தட்டியதாக எனக்கு ஞாபகமில்லை.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு இருக்கையறையில் ஒத்திகை தொடங்கியது. அவளுடைய ஊரில் டுடுக் வாசித்தால் இன்னொருவர் பக்கத்தில் இருந்து மூச்சு விடாமல் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பாராம். இங்கே அவளுக்கு அப்படி ஒருவர் இல்லை. “உம்மட சுருதிப்பெட்டி சும்மாதானே கிடக்குது” என்றார் இவர். எடுத்துக் கொடுத்தேன். கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி ஊற்றினேன். உள்ளே என் சுருதிப்பெட்டி அவளுக்காக இழைந்துகொண்டிருந்தது.

ஆர்மீனிய நாட்டுப்பாட்டில் தொடங்குவார்கள். நடுவில் ஸ்பெயின்காரரின் கைதட்டு வரும், பிரேசில் தாளம் வரும், அப்பென்செல் மலையில் மாடு மேய்க்கிறவர்கள் பாடும் மெட்டுக்கூட வரும். ஒரு மணி நேரத்துக்குள் மூன்று கண்டம். சனங்களுக்குப் பிடித்தது. நூலகத்தில் வாசித்தார்கள், பிறகு ஒரு தேவாலயத்தில், பிறகு கூர் நகரில் ஒரு சின்ன அரங்கில். எல்லா இடத்துக்கும் போனேன், ரவை குழைத்தேன், பின்வரிசையில் இருந்து கை தட்டினேன். முடிந்ததும் ஆட்கள் அவர்கள் இரண்டு பேரையும் சுற்றி நிற்பார்கள். நான் கோட்டுகளைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

லண்டனில் இருக்கிற என் தங்கச்சி ஒருநாள் போனில் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “அக்கா, அந்த மனிசியோட அத்தானுக்கு ஏதும்...”

“சீ, அப்படி ஒண்டும் இல்லை. அப்படியெண்டால் சண்டையாவது பிடிக்கலாமே” என்றேன்.

உண்மைதான். அவளுக்கு என் வயது. முழங்கால் நோவு, வீட்டில் ட்ராம் ஓட்டுகிற புருஷன். எங்கள் வீட்டுக்கு வெறுங்கையோடு வந்ததில்லை. நான் செய்த வடையைக் கண் மூடிச் சாப்பிட்டாள். வெறுக்க ஒரு காரணம் தந்திருந்தால் கும்பிட்டிருப்பேன். பாட்டு முடியும் இடத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலை நிமிர்த்தி ஒருவரையொருவர் பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்குரியது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இப்படியிருக்க, இன்டர்லாக்கனில் ஒரு நிகழ்ச்சி வந்தது. கோடை இசை விழாக்களுக்கு ஆள் பிடிக்கிற ஒருவர் கேட்க வருகிறாராம். அவருக்குப் பிடித்தால் இரண்டு மாதம் ஊர் ஊராகப் போய் வாசிக்கலாம். இவர் தான் சமையல் வேலை செய்யும் இடத்தில் சம்பளமில்லா விடுப்புக்கூடக் கேட்டு வைத்துவிட்டார். என்னிடம் கேட்கவில்லை. எனக்கு அப்படி விடுப்புத் தர மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு நிகழ்ச்சி. ஒலி பார்ப்பதற்காக அவர்கள் காலையிலேயே போகவேண்டும். எனக்குப் பதினொரு மணி வரை வேலை. “ரவையை மட்டும் டப்பியில போட்டுத் தாரும், நான் குழைக்கிறன்” என்றார், சப்பாத்துப் போட்டபடி.

எங்கள் குசினி அலுமாரியில் இரண்டு போத்தல் ரவை இருக்கும். ஒன்று பச்சை ரவை, மிருதங்கத்துக்கு. மற்றது உப்புமாவுக்கு வறுத்து வைத்தது. வறுத்த ரவையில் பசை பிடிக்காது. ஒட்டினாலும் பத்து நிமிட வாசிப்பில் பொருபொருவென்று உதிரும், இடது பக்கம் செத்துப்போகும். மிருதங்கக்காரன் பெண்சாதிக்கு இது தெரியாமல் இருக்காது. கை தவறிவிட்டது என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். கை தவறவில்லை. நான் வறுத்ததை எடுத்தேன், டப்பியை நிரப்பினேன், மூடியை இறுக்கிக் கொடுத்தேன். “கவனமாய்ப் போயிட்டு வாங்கோ” என்றும் சொன்னேன்.

வேலையில் ஒரு ஆச்சிக்குச் சப்பாத்தைக் கால் மாற்றிப் போட்டுவிட்டேன். ரயிலில் ஏறிய பிறகு என்மேல் எனக்கே அருவருப்பு வந்தது. தூன் நிலையத்தில் ரயில் நின்றபோது போனை எடுத்து அவருடைய நம்பரைத் தட்டினேன். மணி அடிக்கும் முன்னரே வெட்டிவிட்டேன். சொன்னால் இரண்டு மாதம் போய்விடுவார். சொல்லாவிட்டால் எல்லாருக்கும் முன்னால் தலை குனிவார். ஏரி முழுக்க வெயில். இன்டர்லாக்கன் வரும்வரை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், சொல்லவில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. அவள் முதலில் தனியாக வாசித்தாள். பிறகு அவர் இடது கையை வைத்தார். கும். நல்ல கும். சரி, இன்னும் பத்து நிமிடம் என்று நினைத்தேன். பத்து நிமிடம் போயிற்று. மூன்று, இரண்டு, இரண்டு, மூன்று என்று அந்த ஆட்டப்பாட்டு வந்தது. இடது பக்கம் உருண்டு உருண்டு பேசியது. ஒரு பருக்கை உதிரவில்லை. அத்தனை வருடத்தில் அவர் அவ்வளவு நன்றாக வாசித்து நான் கேட்டதில்லை. சனம் எழுந்து நின்று தட்டியது. அந்த விழாக்காரர் முன்வரிசையில் இருந்து மேடைக்கே போய்க் கை கொடுத்தார். கோடை போயிற்று என்று எனக்குத் தெரிந்தது.

பின்னால் போனேன். அவள் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய விரல் நகங்களுக்குள் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது.

“உன் கணவர் ரவையை வீட்டில் மறந்துவிட்டு வந்துவிட்டார்!” என்று ஜெர்மனில் சொல்லிச் சிரித்தாள். “நான் மண்டபக் குசினிக்கு ஓடினேன். குழந்தைகளுக்குப் பாலில் காய்ச்சுகிற ரவை அங்கே இருந்தது. நானே குழைத்தேன், தெரியுமா? முதல் முறை தண்ணீர் கூடிவிட்டது. இரண்டாவது முறை சரி.”

நான் அவரைப் பார்த்தேன். அவர் குனிந்து மிருதங்கத்துக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும் ரயிலில் நானும் அவரும் எதிரெதிரே இருந்தோம். ஸ்பீட்ஸ் தாண்டிய பிறகு அவர் பையிலிருந்து டப்பியை எடுத்து என் பக்கம் மேசையில் வைத்தார். நிறைந்தபடியே இருந்தது.

“திறந்த உடனையே வறுத்த வாசம் மணந்தது” என்றார்.

டப்பியை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தேன். “அடுத்த முறை நான் நேரத்தோட வந்து...” என்று தொடங்கினேன்.

“வேண்டாம். அவவுக்குப் பழக்கிப்போட்டன். இனி நீர் கரைச்சல்படத் தேவையில்லை.”

குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அழுதிருப்பேன், மன்னிப்புக் கேட்டிருப்பேன், இரண்டு நாளில் எல்லாம் சரியாகியிருக்கும். அவர் யன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டார். அவருடைய விரல்கள் முழங்காலில் அந்தப் பத்து அட்சரத்தைத் தட்டிக்கொண்டிருந்தன.

மறுநாள் காலை அந்த ரவையில் உப்புமா செய்தேன். எறிய மனம் வரவில்லை. அவர் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் புறப்படும்போது கதவடியில் நின்று, “தண்ணி அளவாய்த்தான் விட்டிருக்கிறீர்” என்றார்.