இன்ஸ்பெக்டர் கொடுத்த டீ

விசைத்தறி ஓட்டும் ஒருவரைக் காலையில் போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவர் மனைவி பஸ் பிடித்து, கோவையில் இருக்கும் எங்கள் குடிமை உரிமைச் சங்கத்துக்கு மதியம் வந்து சேர்ந்தார். சங்கத்துக்குத் தலைவர் நான்தான். அவரையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டு என்னை மட்டும் உள்ளே விட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"உக்காருங்க சார். அப்படி யாரையும் நாங்க கூட்டிட்டு வரலீங்களே."

பிடித்துக்கொண்டு போனால் வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று சட்டத்தை எடுத்துச் சொன்னேன். ஒவ்வொரு வரிக்கும் "சரிங்க சார்" என்றார். நான் எழுதிக்கொண்டு போயிருந்த மனுவை இரண்டு கையாலும் வாங்கி மேஜையில் கவிழ்த்து வைத்தார். அதற்குள் டீ வந்துவிட்டது. கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லி எங்கள் பக்கத்தில் பழக்கமில்லை. பாழாய்ப்போன மரியாதை! குடித்துத் தொலைத்தேன்.

வெளியே வந்தபோது அந்தப் பெண்ணின் முகம் தெளிந்திருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார்.

"டீயெல்லாம் குடுத்தாங்களேங்க! அப்ப உட்டுருவாங்க, இல்லீங்களா சார்?"

கணவருக்கென்று கையில் வைத்திருந்த மாற்றுச் சட்டையை அவர் மறுபடி பைக்குள் மடித்து வைத்தார்.

"ஊட்டுக்கு வந்தே மாத்திக்கட்டுமுங்க" என்றார்.