மூன்றாவது பையனின் வசனம்

கண்மையால் தாடி வளர்த்த ஒரே முஸ்லிம் உலகத்திலேயே நானாகத்தான் இருப்பேன். அப்போது எனக்கு எட்டு வயது. அமெரிக்காவில், சான் ரமோனில் முற்போக்குத் தமிழர்கள் சேர்ந்து சமத்துவப் பொங்கல் வைத்தார்கள். சாதி, மதம் எல்லாவற்றையும் செருப்போடு வாசலிலேயே கழற்றிவிட்டு வர வேண்டும் என்பது அவர்கள் விதி. ஆனால் நாடகத்துக்கு மட்டும் ஒரு இந்துப் பையன், ஒரு கிறிஸ்தவப் பையன், ஒரு முஸ்லிம் பையன் தேவைப்பட்டார்கள். மூன்றாவது சரக்கு எங்கள் வீட்டில்தான் கைவசம் இருந்தது.

நாடகம் எழுதிய ஆன்ட்டி, வெறுப்புக்கு இங்கே இடமில்லை என்று தன் வீட்டுப் புல்வெளியில் பலகை நட்டிருந்தவர். ஒத்திகையில் என்னைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

“பார்த்தா முஸ்லிம் மாதிரியே இல்லையே!”

கண்மை வந்தது. தாடி வளர்ந்தது.

முதல் பையன் ‘பொங்கலோ பொங்கல்’ என்பான். இரண்டாமவன் ‘அன்பே கடவுள்’ என்பான். நான் நெஞ்சில் கை வைத்து, ‘நாங்கள் கெட்டவர்கள் இல்லை’ என்று சொல்ல வேண்டும்.

ஓரமாக உட்கார்ந்திருந்த உம்மா எழுந்து வந்தாள்.

“இவனும் பொங்கலோ பொங்கல்னே சொல்லட்டுமே. இவன் மட்டும் ஏன் இதைச் சொல்லணும்?”

“ஐயோ அக்கா, தப்பா எடுத்துக்கிட்டீங்க. இந்த ஸ்கிட்டே உங்களுக்காகத்தான் பண்றோம்.”

“எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பண்ணியிருக்கலாம்.”

“இவ்ளோ சென்சிடிவா இருந்தா எப்படி? உங்க ஆளுங்க பண்றதுக்கெல்லாம் நாங்கதானே எல்லா இடத்திலயும் சப்போர்ட் பண்ணிப் பேசறோம்?”

எங்கள் ஆட்களில் அங்கே இருந்தது நானும் உம்மாவும்தான். நான் அதுவரை செய்திருந்த பெரிய குற்றம், தம்பியின் சாக்லேட்டைத் தின்றுவிட்டு உறையை அவன் தலையணைக்கடியிலேயே வைத்தது. இன்றைக்கும் கேட்கத் தோன்றுகிறது: கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு, உள்ளே வருகிற ஒருவனிடம் மட்டும் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்பதற்குப் பெயரா சமத்துவம்?

உம்மா என் கையைப் பிடித்தாள். “வா, போவோம்.”

உதறிவிட்டேன். “நோ உம்மா! ஐ வான்ட் டு டூ இட்!”

“பாருங்க, குழந்தைக்கே புரியுது” என்று ஆன்ட்டி சிரித்தார். உம்மா திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மேடையில் வெளுத்து வாங்கினேன். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. ஒரு அங்கிள் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். உம்மா மட்டும் தட்டவில்லை.

நடிப்பு போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரம் முழுக்கக் குளியலறைக் கண்ணாடி முன் நின்று, குரலை ஏற்றியும் இறக்கியும் ‘நாங்கள் கெட்டவர்கள் இல்லை, நாங்கள் கெட்டவர்கள் இல்லை’ என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். உம்மா நம்புகிற மாதிரி வரும்வரை விடுவதில்லை என்று.