விரல் நோகிறது என்றாள்

கல்வராயன் மலையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற என் மனைவிக்கு கிட்டார் கற்க ஆசை. குள்ளமானவள் என்பதால் சிறிய கிட்டார் தேடிச் சேலம் போனோம். கடையில் இரண்டு இருந்தன. ஒன்று அறுபது வருடப் பழசு. மற்றது அதே அமைப்பில் இப்போது செய்தது. அவள் புதியதை மடியில் வைத்துப் பார்த்து, "இதுவே போதும். கைக்கு அடக்கமா கீதுங்க" என்றாள்.

பழைய மரத்தின் நாதத்தைப் பற்றி நிறையப் படித்திருந்த நான், "நகல் எதுக்கு?" என்று பழையதையே வாங்கினேன்.

சங்கராபுரத்தில் எங்கள் வீட்டில் சில வாரம் வாசித்தாள். "வெரலு நோவுதுங்க" என்றாள்.

"பழகினா சரியாப் பூடும்" என்றேன்.

"அப்போ நீங்களே பழகுங்க" என்று சிரித்தபடி உறையில் போட்டவள், பிறகு எடுக்கவே இல்லை. போன வருடம் இறந்துவிட்டாள்.

துக்கம் கேட்க வந்த அவள் தம்பி மகன் கிட்டார் வாசிப்பவன். அதை எடுத்துப் பார்த்தான். "கழுத்து வளைஞ்சிருக்குது மாமா. கம்பி இம்மா ஒசரத்துல நிக்குது. என்னாலயே அழுத்த முடியல. அத்தை இன்னா பாடுபட்டாங்களோ?"

அவள் சொன்னது வலி. நான் அதைச் சோம்பல் என்று நினைத்திருந்தேன்.

இப்போதெல்லாம் யாருக்கு எது வாங்கப் போனாலும், அவர்களை உள்ளே அனுப்பிவிட்டு நான் கடைக்கு வெளியே நின்றுகொள்கிறேன்.