எலி பிடிக்காதவர்

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஐந்து பக்கம் அச்செடுத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி. அவருடைய அலுவலகத்தில் எங்களைத் தவிர ஆள் இல்லை. வாசல் சாவி ஒன்று அவரிடம் எப்போதும் இருக்கும். முப்பத்து நான்கு வருஷத்தில் அந்த அலுவலகம் அவரை நம்பிக் கொடுத்த ஒரே பொருள் அதுதான்.

அது வக்கீல் அலுவலகம். அப்பா அங்கே டைப்பிஸ்ட். திங்கட்கிழமை எல்லாக் கணினிகளையும் தூக்கிவிட்டுப் புதியவை வைக்கப்போகிறார்கள் என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுற்றறிக்கை வந்தது. அதை டைப் அடித்ததும் அப்பாதான். அடிக்கும்போதுதான் அவருக்கே விஷயம் தெரிந்திருக்கிறது.

அவர் கணினியில் இருந்த வேர்ட், மற்றவர்கள் வைத்திருக்கும் வேர்ட் அல்ல. கண்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்தினால் எல்லா இடத்திலும் கோப்பு சேமிக்கப்படும். அவருடையதில் ஒரு சொத்தின் நான்கெல்லை விவரம் பத்தியாக வந்து விழும். கண்ட்ரோல் பி அழுத்தினால் அச்சுக்குப் போகாது, ‘முதல் தரப்பினரும் அவருடைய வாரிசுகளும்’ என்று வரும். சேமிக்க எஃப் ஆறு. அச்சுக்கு எஃப் எட்டு. இப்படி நூற்றுப் பன்னிரண்டு மாற்றங்கள். எதையும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எல்லாம் விரலில் இருந்தது.

“அஞ்சு நிமிஷ வேலைப்பா. டெம்ப்ளேட் ஃபைலை அப்படியே பென்டிரைவ்ல போட்டுக்கலாம். பேப்பரே வேணாம்” என்றேன்.

“பேப்பர் வேணும்.”

“எதுக்கு?”

“பென்டிரைவை நம்பிப் பொழச்சவன் எவனையும் நான் பாத்ததில்ல.”

அச்சுக்கான பக்கத்தைத் திறந்தேன். எதை அச்செடுப்பது என்று கேட்கும் பட்டியலில் கீழே இறங்கிப் போனால், நாமாக மாற்றிய விசைகளை மட்டும் அச்செடுக்க ஒரு வரி இருக்கிறது. பதினெட்டு வருஷமாக அதற்குள்ளேயே குடியிருந்தவருக்கு அந்த ஒரு மூலை தெரியாது. நான் மவுஸை எடுத்தேன்.

“புடிச்சிட்டியா எலிய? புடி, புடி. இதுக்குத்தான் உன்னை இன்ஜினியருக்குப் படிக்க வெச்சேன்.”

மவுஸைத் தொடுகிற எல்லாரும் அவருக்கு எலி பிடிக்கிறவர்கள். அலுவலகத்தில் பதினோரு பேர் எலி பிடித்தார்கள். அவர்களைப் பற்றி அவர் வீட்டில் பேசுவதைக் கேட்டால் பூனைகள்கூட மானம் போய்விட்டதென்று எழுந்து போய்விடும்.

பட்டியல் வந்தது. வலது பக்கம் விசை, இடது பக்கம் அது கொண்டுவரும் பத்தியின் பெயர். பத்தி முழுதாக அச்சாகாது, பெயர் மட்டும்தான். அந்தப் பெயர்களை அப்போதுதான் முதல்முறை பார்த்தேன். காலதாமதம் பற்றிய பிரிவுக்கு ‘மாமா’ என்று பெயர் வைத்திருந்தார். என் தாய்மாமா தன் கல்யாணத்துக்கே தாமதமாக வந்தவர். ஒன்றுமே சொல்லாத பதினோரு வரிப் பத்தி ஒன்றுக்குப் பெயர் ‘சின்னவர்’. சின்னவர் என்பது அலுவலகத்தின் இப்போதைய வக்கீல், பழைய வக்கீலின் மகன்.

மூன்றாம் பக்கத்தில் ‘மகள்’ என்று இருந்தது.

“இது என்னப்பா?”

“அது ஒண்ணுமில்ல.”

“சொல்லுங்க.”

“‘இதில் கண்ட எதனாலும் எந்த உரிமையையும் விட்டுக்கொடுத்ததாகக் கொள்ளக் கூடாது.’ எந்த ஒப்பந்தத்துலயும் கடைசில நிக்கும். எதையும் விட்டுக்குடுக்காது.” சிரித்தார். “உங்கம்மாவுக்கு ரெண்டு பக்கம் இருக்கு. படிக்காத.”

இருபத்திரண்டு வயதில் தட்டச்சுச் சான்றிதழோடு அந்த அலுவலகத்துக்குப் போனவர். கணினி வந்தபோது கூட இருந்த இரண்டு டைப்பிஸ்ட்டுகள் வேலையை விட்டுப் போனார்கள். அப்பா சாப்பாட்டு நேரத்தில் உதவிப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படித்து, தானே கற்றுக்கொண்டார். பழைய வக்கீல், பெரியவர், எந்த ஆவணத்தையும் வாய்விட்டுப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துக்கு அனுப்ப மாட்டார். மகன் எதையும் படிப்பதில்லை. கோப்பைச் சேமிப்பார். சேமித்துக்கொண்டே இருப்பார்.

கணினிகளை மாற்றும் பேச்சே அந்தப் பழக்கத்தால் வந்ததுதான். நான்கு மாதம் முன்பு அப்பா சாப்பிடப் போன நேரத்தில், சின்னவர் அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கிடங்குக் குத்தகை ஒப்பந்தத்தில் தேதியைத் திருத்தினார். திருத்திவிட்டு, பழக்கதோஷத்தில் நான்கு முறை கண்ட்ரோல் எஸ் அழுத்தினார். யாரோ ஒருவருடைய வீட்டின் நான்கெல்லை, கிழக்கே பொதுப்பாதை, மேற்கே கிணறு என்று ஒன்பதாம் பக்கத்தில் நான்கு முறை ஏறிக்கொண்டது. மவுஸால் மூடினார். சேமிக்கவா என்று கணினி கேட்டதற்கு ஆம் என்றார். மவுஸாலேயே அச்சுக்கும் அனுப்பினார். திரையைப் பார்க்கவில்லை. தாளையும் பார்க்கவில்லை. இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டன. இரண்டு தரப்புக்கும் வக்கீல்கள் இருந்தார்கள். நான்கு படித்த மனிதர்கள், ஒருவர் கண்ணிலும் அந்தக் கிணறு படவில்லை. ஒரு மாதம் கழித்துக் கிடங்கின் காவலாளி படித்துவிட்டு, “இங்க ஏதுங்க கிணறு?” என்று கேட்டாராம்.

குற்றம் அப்பாமேல் விழுந்தது. “ஆபீஸ் கம்ப்யூட்டரை உங்க சொந்த வீடு மாதிரி வெச்சிருக்கீங்க” என்றார் சின்னவர். அதன் பிறகுதான் எல்லாக் கணினியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற ஞானம் பிறந்தது.

அப்பா ஏன் இப்படி விழுந்து விழுந்து பட்டியல் கேட்டார் என்பது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். இரண்டு வருஷம் முன்பு படியில் சறுக்கி வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு சரியாகக் கூடவில்லை. உள்ளங்கையை மேசையில் ஊன்றித் தட்டுவதற்குக் கை கேட்டது. ஒரு பொருளைப் பிடித்து நகர்த்தச் சொன்னால் கேட்காது, நடுங்கும். மவுஸை எடுத்தால் திரையில் அம்பு ஈயைப் போலப் பறக்கும். இது அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. குறுக்குவிசைகள் இருக்கும்வரை தெரியவும் வழியில்லை. எலி பிடிக்கிறவர்கள் என்ற கேலியில் பாதி உண்மையான இளக்காரம். மீதிப் பாதி, கையை மறைக்கப் போட்ட துணி.

திங்கட்கிழமை காலை ஐந்து பக்கத்தையும் பையில் வைத்துக்கொண்டு போனார். புதிய கணினியில் நூற்றுப் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக ஏற்றிவிடலாம், இரண்டு நாள் ஆகும் என்று கணக்குப் போட்டிருந்தார். முதல் விசையை மாற்றப் போனபோதே, உங்களுக்கு இதற்கு அனுமதி இல்லை என்று கணினி சொன்னது. ஞாயிற்றுக்கிழமை நான் என் பென்டிரைவிலும் ஒரு நகல் எடுத்து வைத்திருந்தேன். அதை நினைத்து எனக்கு போன் செய்தார். புதிய கணினிகளில் அதற்கான துளையையே பூட்டியிருந்தார்கள்.

“உன் அஞ்சு நிமிஷத்தைப் பூட்டிட்டாங்கம்மா” என்றார்.

நான் நெட்வொர்க் வேலை பார்க்கிறவள். இப்படிப்பட்ட பூட்டுகளைப் போட்டுத்தான் சம்பளம் வாங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமையே இதை யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

அன்று அவர் முடித்தது நான்கு பக்கம். மற்ற நாட்களில் இருபது முடிப்பார். சின்னவர் பின்னால் வந்து நின்று, “என்ன சார், இன்னிக்குக் கையக் கட்டிப் போட்ட மாதிரி இருக்கு?” என்று கேட்டிருக்கிறார்.

“மெஷின் புதுசு சார். பழகணும்.”

“பழகிடுவீங்களா? இல்லன்னா காலைல மட்டும் வாங்களேன். வயசாச்சுல்ல, ரெஸ்ட் எடுங்க.”

அப்பா இதை வீட்டில் சொன்னபோது அம்மா, “அவன் கெடக்கான், நீங்க சாப்பிடுங்க” என்றாள். அவர் சாப்பிடவில்லை. ‘காலையில் மட்டும்’ என்பது என்ன என்று அவருக்குத் தெரியும். அடுத்த மாதம் ‘வாரம் இரண்டு நாள்’. அதற்கடுத்த மாதம் ஒரு சால்வை.

செவ்வாய்க்கிழமை இரண்டாம் மாடிக்குப் போனார். கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவர் அங்கே இருந்தார். முகத்தைத் திரையிலிருந்து எடுக்காமலே பேசினாராம்.

“பாலிசி சார் அது. யாருக்கும் மாத்தக் கூடாது.”

“நான் முப்பத்து நாலு வருஷமா இங்க...”

“அதுக்கில்ல சார். லெட்டர் குடுங்க. காரணம் போட்டு, வியாழக்கிழமை நாலு மணிக்குள்ள. அப்ரூவ் ஆனா நானே திறந்து விடறேன்.”

“காரணம்னா? வேலை வசதிக்குன்னு போடவா?”

“வசதின்னா ரிஜெக்ட் ஆயிடும். மெடிக்கல்னா உடனே ஓகே ஆகும். கை, கண்ணு, ஏதாச்சும் பிரச்சினை இருக்கா உங்களுக்கு?”

“இல்ல” என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் நான் அப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். “எழுதிக் குடுங்களேன்பா. ஒரு வரிதானே? டாக்டர் சீட்டு வேற இருக்கு.”

“என் கையப் பத்தி அவன்கிட்ட எழுதிக் குடுக்கணுமா? அந்த லெட்டர் சின்னவர் மேசைக்குத்தான் போகும். என்னிக்காவது ஒரு காகிதம் படிப்பான்னா, அன்னிக்கு இதத்தான் படிப்பான்.”

“அப்ப காலைல மட்டும் போறீங்களா?”

அப்பா வலது கையை மடியில் வைத்து இடது கையால் மூடிக்கொண்டிருந்தார். நான் சலித்துக்கொண்டு கிளம்பினேன். வாசல்வரை வந்து, “ஹெல்மெட்ட மாட்டு” என்றார். அதுதான் அவர் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை. இன்னும் நல்லதாக ஒன்றைச் சொல்லியிருக்கலாம் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு என் அப்பாவைத் தெரியாது.

புதன்கிழமை காலை அலுவலகம் கிளம்பியவர், ஷூ லேஸ் கட்டக் குனிந்து அப்படியே முன்னால் சாய்ந்தார். அம்மா தண்ணீர் எடுத்து வருவதற்குள் முடிந்துவிட்டது.

துக்கம் விசாரிக்க அலுவலகமே வந்தது. கொண்டுவந்த மலர்மாலையில் ‘சீனியர் கிளார்க்’ என்று எழுதியிருந்தார்கள். அவர் ஒரு நாளும் கிளார்க்காக இருந்ததில்லை. சின்னவர் என் எதிரில் உட்கார்ந்து மூன்று முறை பெருமூச்சு விட்டார்.

“அவர் ஸ்பீடு இனி யாருக்கும் வராதும்மா. ஆபீஸோட தூணு.”

தூணைக் காலையில் மட்டும் நிற்கச் சொன்னவர்.

பத்து நிமிஷம் கழித்து அடித்தொண்டையில், “அந்த ஷார்ட்கட் லிஸ்ட் ஒண்ணு பிரிண்ட் எடுத்தார்னு கேள்விப்பட்டேன். இருந்தா குடுங்களேன். அடுத்து வர்றவங்களுக்கு உதவும். பர்மிஷன்லாம் நான் சொன்னா குடுத்துடுவாங்க” என்றார்.

அவர் சொன்னால் கொடுத்துவிடுவார்களாம். திங்கட்கிழமையும் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை.

“அதுல நீங்களும் இருக்கீங்க சார்” என்றேன்.

“அப்படியா? எம்பேரா?” முகம் மலர்ந்துவிட்டது மனிதருக்கு. “என்னவா இருக்கேன்?”

“ஒரு நீளமான பத்தி.”

தலையை ஆட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். உண்மையாகவே ஈரமாக இருந்தது. பட்டியலை நான் கொடுக்கவில்லை.

அவர்கள் போன பிறகு அப்பாவின் அலுவலகப் பையைத் திறந்தேன். பட்டியலுக்குப் பின்னால் ஒரு கடிதம் இருந்தது. செவ்வாய்க்கிழமையே புதிய கணினியில் அடித்து எடுத்திருக்கிறார். ஒரு குறுக்குவிசையும் இல்லாமல், எழுத்து எழுத்தாக. ஓரங்கள் சமமாக இருந்தன. ஒரு பிழை இல்லை. பெறுநர், பொருள், தேதி, வணக்கம் எல்லாம் இருந்தன. நடுவில் ‘காரணம்’ என்று போட்டு, இரண்டு புள்ளி வைத்து, பேனாவால் நிரப்ப ஒரு வரி அளவுக்கு இடம் விட்டிருந்தார்.

அந்த இடம் காலியாக இருந்தது. வியாழக்கிழமை நாலு மணிக்குள் இரண்டாம் மாடியில் கொடுக்க வேண்டியது.